நண்டு உடைக்கும் கல்

எண்ணூர் மார்க்கெட்டில் நான் வழக்கமாக நண்டு வாங்கும் அக்கா, கொடுக்கு உடைக்க ஒரு கல் வைத்திருந்தார். ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை உள்ளங்கைக்கு அடக்கமாகவும் இருக்கும். அந்தச் சமயத்தில் நான் அத்திரம்பாக்கத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எண்ணூரில் கடலில் சேரும் இதே கொசஸ்தலை ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது அந்த ஊர். பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய கற்கருவிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் இனம் தோன்றுவதற்கே வெகுகாலம் முன்பு வேறொரு மனித இனம் செய்தவை. அக்காவின் கல்லும் ஆற்றோடு வந்ததோ என்று எனக்கு ஒரே அரிப்பு.

"அந்தக் கல்ல எனக்குக் குடுங்கக்கா."

"குட்த்துட்டு நான் இன்னாத்த வெச்சு ஒடைக்கிறது? வேற கல்லு கொண்டாந்து குடு, இத்த எட்த்துனு போ."

கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டியிருந்த கருங்கல் குவியலில், மறுநாள் வெயிலில் ஒரு மணி நேரம் தேடினேன். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் படத்தில் பார்த்த மாதிரியே ஐந்து கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனேன். அக்கா ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, ஒருமுறை ஓங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"ஒண்ணும் தேறல நைனா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப உங்க கல்லு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதே கருங்கல்லு குமியல்தான். போன மாசம் எட்த்தாந்தேன்."

"எவ்வளவு நேரம் தேடுனீங்க?"

"தேடுறதா? வரசொல்ல வழில குனிஞ்சு எட்த்தேன்."