'மக்களே' என்றொரு வைஃபை

திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலக நெட்வொர்க்கில் யாரோ அனுமதியில்லாமல் ஒரு வைஃபை பெட்டியைச் சொருகியிருந்தார்கள். அதைத் தேடிப் பிடிப்பது என் வேலை. திரையில் அதன் பெயர் 'மக்களே' என்று வந்தது. மேலாளர் திருச்சூர்க்காரர். மலையாளத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள், ஆகவே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் விளையாட்டுத்தான் இது என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் ஒற்றை ஆளைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக இறங்கினேன். சிக்னல் மைனஸ் எண்பது, எழுபது, ஐம்பது. எண் குறையக் குறையப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கீழ்த்தளத்தில் டீ போடும் அறை வாசலில் முப்பத்தைந்து காட்டியது. எங்கே போய் நிற்கும் என்று முதலிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் நடந்தேன், பெரிய கடமை வீரன்!

டீ போடும் அக்கா குழித்துறைக்காரர். கரமனையில் வாடகை வீடு. தினமும் எனக்கு மட்டும் சீனி கூட்டிப் போட்டு, "குடி மக்களே" என்பார். அன்று சீனி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

"எனக்க மவளாக்கும். வலிப்பு வரும், தனிச்சுக் கெடக்கா. இங்க ரேஞ்சு கிட்டாது, அதான் இந்தப் பெட்டி. பேரு அவ போட்டது. நான் அவள அப்படித்தானே விளிப்பேன்."

"இதக் களட்டணும்க்கா."

"சாயங்காலம் வர விடு மக்களே. காலைலயே தல நோவுதுன்னா."

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, அப்படி மரத்துக் கிடந்தது மனசு. வயரைப் பிடுங்கினேன். போன் திரையில் அந்தப் பெண் பாதி புரண்டபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 'கீழ்த்தளம், டீ அறை' என்று மட்டும் எழுதினேன். அதுவே போதும் என்று எனக்குத் தெரியாதா என்ன? திங்களன்று வேறொருவர் வந்து, "சாரே, சாயா" என்று நீட்டினார். சீனி அளவாக இருந்தது.

அன்று அந்தப் பெண் புரண்டு முடித்தாளா என்று இதுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.