நாற்பதாவது முளை

இது நடந்த விஷயம். சேஷாத்ரியின் வாயாலேயே மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1967 பிப்ரவரி 11, சனிக்கிழமை. பகல் பன்னிரண்டே கால்.

சேஷாத்ரிக்கு ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. வெங்காயம்கூடத் தொடாத மனிதன், நரிகளைக் கொல்ல விஷ முளை செய்து கொடுத்தான். வெட்கக்கேடு! தரையில் அடிக்கிற இரும்பு முளை அது. தலையில் மாமிச வாசனை ஏற்றிய பஞ்சு. உள்ளே ஒரு வில், சயனைடு. வாய் வைத்து இழுத்தால் ‘டக்’. அவ்வளவுதான். ஊர்ச்சனம் உலாவப் போகிற அரசாங்கக் காட்டில் நாற்பது முளை அடித்தார்கள். செத்தது நரி ஆறு, வளர்ப்பு நாய் மூன்று. காக்கைகளை யாரும் எண்ணவில்லை.

நாய்க்காரர்கள் கூச்சல் போட்டதும், ஜனவரியில் முளைகளைப் பிடுங்கும் வேலை இவன் தலையில் விழுந்தது. முப்பத்தொன்பதுதான் கிடைத்தது. ஒன்று பனிக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. குளிர் பொறுக்காமல் திரும்பி வந்து, நாற்பதும் எடுத்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். குழந்தைகள் சறுக்கி விளையாடும் காடு அது. படுபாவி.

அந்தச் சனிக்கிழமை அவன் அப்பாவுக்குத் தலைத் திவசம். கும்பகோணத்தில் அவர் போனபோது இவனால் போக முடியவில்லை; கொள்ளிகூட வைக்கவில்லை. ஒரு வருஷமாக அது அவனை அரித்துக்கொண்டிருந்தது. காக்கை வந்து சோற்றை எடுத்தால் அப்பா மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். அது போதும் அவனுக்கு. மனைவி வத்சலா, ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்பு எள்ளைச் சோற்றில் பிசைந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

11.40. காக்கை வரவில்லை.

12.00. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை. ஏன் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

“ஏன்னா, பாதாம் வாசனை வர்றதே?”

“எனக்கு ஒண்ணும் வரலை.”

அவனுக்கு வராது. சயனைடின் வாசனை சிலர் மூக்குக்கு எட்டாது. அவன் மூக்கு அந்த ரகம்.

12.15.

டக்... கண்ணாடியில்.

ஒற்றைக் காக்கை.

கரையவில்லை. கண் இமைக்கவில்லை. விளிம்பில் புதுப் பனி... அதில் கால் தடமே இல்லை.

சோற்றை அலகில் அள்ளியது. அவனையே பார்த்தது...

“அப்பா...”

டக். டக்.

அலகின் சத்தம் இல்லை அது. முளையின் வில்.

விளிம்பு காலி.

“எடுத்துண்டுடுத்து!” வத்சலா அழுதேவிட்டாள். பிறகுதான் இருவரும் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை 9.10. காட்டு அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். நாற்பதாவது முளை கிடைத்துவிட்டதாம். வில் தெறித்திருந்தது. அடியில் ஒரு காக்கை. செத்து ஒரு மாதமாவது இருக்கும், கல்லாய் உறைந்து கிடந்தது.

“வாய் நிறையச் சோறு, ஹெர் சேஷாத்ரி. புதுச் சோறு. கறுப்பாக ஏதோ விதை வேறு. இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை. உங்களுக்குத் தெரியுமா?”

சேஷாத்ரி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“இன்னொன்று,” என்றார் அதிகாரி. “ஒரு பருக்கைகூட விழுங்கவில்லை.”