சார்ஜ் போடாதீங்கக்கா

செல்போன் ரிப்பேர் கடையில் கை நடுங்கக் கூடாது, கண் அலையக் கூடாது. போடியில் ஆறு வருஷமாகக் கடை நடத்துகிறேன். பெண் நடத்துகிற கடை என்று பெண்கள் நம்பி வருகிறார்கள். அடுத்தவர் போனைக் கையில் வாங்கியிருக்கிற உங்களுக்கும் கண்ணைக் கட்டுப்படுத்துகிற அவஸ்தை தெரிந்திருக்கும்.

முதுகில் ஒட்டிய லாக்

டிஸ்பிளே மாற்றினால் சரிபார்க்க லாக் நம்பர் வேண்டும். அதை ஸ்டிக்கரில் எழுதி போன் முதுகிலேயே ஒட்டிவிடுவேன். வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, அம்மாவுக்குக்கூடச் சொல்லாத நம்பரை என்னிடம் சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றை நினைக்க வைத்தாள்.

"கேலரிக்குள்ள மட்டும் போகாதீங்கக்கா. ஒண்ணும் இல்ல, இருந்தாலும் போகாதீங்க."

அழித்த படம்

காதலி கண்ணெதிரே அவள் படங்களை அழித்துக் காட்டிய ஒருவர், மறுநாள் வந்து அவற்றை மீட்டுத் தரச் சொன்னார். முடியாது என்றேன். முடியும்; செய்ய மாட்டேன். அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா என்றேன் எரிச்சலோடு. அவருக்குக் கோபமே வரவில்லை, என் விவரமின்மையை நினைத்து வருத்தம்தான்.

"அவளுக்குத் தெரியவா போகுது? நான் மட்டுந்தானக்கா பாக்கப் போறேன்."

இரண்டு நாள்

செல்வி, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி ஒரு வருஷம், புருஷன் திருப்பூரில். அவனுக்கென்று எடுத்த படத்தைக் கைதவறி, மாமனார், கொழுந்தன் எல்லாரும் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். தோட்டத்தில் டவர் இல்லாததால் படம் போகாமல் நின்றது. அழிப்பதற்குள் போன் பாறையில் விழுந்து டிஸ்பிளே போய்விட்டது. கீழே இறங்கினால் டவர் கிடைத்துப் படம் போய்விடும். சிம்மைக் கழற்றியிருந்தால் முடிந்தது. பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்? சார்ஜ் தீரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்து, அப்புறம்தான் ஜீப்பில் ஏறியிருக்கிறாள்.

"சார்ஜ் போடாதீங்கக்கா," என்றாள் வந்ததும். "மாமா பாத்துட்டா அந்த வீட்டுல நான் எப்புடித் தல நிமிந்து நடக்க?"

சிம்மைக் கழற்றிவிட்டு, புது டிஸ்பிளே மாட்டி, சார்ஜ் ஏற்றி, போனை அவளிடம் கொடுத்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். எனக்குத்தான் வேர்த்தது. "குரூப்புல அழிச்சிட்டேன்க்கா," என்றாள். சிம்மைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். குனிந்து எதையோ தட்டியவள், இரண்டு நாளில் முதல்தடவையாகச் சிரித்தாள்.

"இங்க டவரு நல்லா இருக்குல்ல, அவருக்கு மட்டும் அனுப்பிட்டேன். பாத்த ஒடனே அழிச்சிருவேன்னு சொல்லிருக்காருக்கா."

டிஸ்பிளேவுக்கு மூன்று மாத கேரண்டி எழுதிக் கொடுத்தேன். திருப்பூர்க்காரர் வாக்குக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் ரசீது இல்லை.