பேய் வீட்டில் கேட்ட கத்தல்

ஆடித் திருவிழாவையொட்டி சேலத்தில் போட்டிருந்த பொருட்காட்சியின் பேய் வீட்டில்தான் அவரைப் பார்த்தேன். அங்கே அவர்தான் பேய். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் அப்பிய வெள்ளைப் பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. விக்குக்கு வெளியே சொந்த நரைமுடி எட்டிப் பார்த்தது.

கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து உறுமிக்கொண்டு பாய்வார். பாய்ந்த கையோடு குரலைத் தாழ்த்தி, "பாத்துப் போங்க சாமி, கீழ ஒயரு கெடக்குது" என்பார். இப்படி மரியாதை கொடுக்கும் பேய்க்கு யார் பயப்படுவார்கள்? எனக்கு முன்னால் போன கல்லூரிப் பெண்கள் செல்போன் லைட்டை அவர் முகத்தில் அடித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கும் சப்பென்றிருந்தது. வெளியேறப் போன என்னை அவர் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"ஏனுங்க, ஒருக்கா கத்திப்போட்டுப் போங்க. உள்ளார சத்தம் கேட்டாத்தானுங்க வெளிய சனம் நிக்கும். இன்னைக்கும் ஒருத்தரும் கத்தலீன்னா நாளைக்கு வேற ஆளப் போட்டுருவேன்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க."

வாயைத் திறந்தேன். கூச்சத்தில் காற்றுதான் வந்தது. அவர் என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அவரே கத்தினார். அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் கத்தலில் அரண்டு பின்வாங்கினேன். ஓட்டமாக வெளியே வந்தேன்.

டிக்கெட் எடுக்கலாமா என்று யோசித்து நின்ற ஒருவர் ஆவலாகக் கேட்டார். "உள்ள அவ்வளவு பயமாங்க?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.