இன்னும் இறங்காத விமானம்

வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரைச் செம்பு நிறைய ஊற்றிச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டார் சுனந்தா அம்மாள். செம்புக்குப் பக்கத்தில் ‘தன்யகுமார்’ என்று பெயர் வெட்டிய டம்ளர், கழுவிக் கவிழ்த்தபடி. பம்பாயில் வேலை பார்க்கும் மகன் விமானம் ஏறும் நாட்களில் திருவண்ணாமலை வீட்டில் இதுதான் காட்சி. விமானம் பறக்கிறவரை தண்ணீர் மெல்ல நடுங்குமாம். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அடங்குமாம். அது அடங்கினால்தான் அம்மாள் சோற்றில் கை வைப்பார். சமண வீடு என்பதால் பொழுது சாய்ந்துவிட்டால் அதுவும் கிடையாது. மறுநாள் வரை பட்டினிதான்.

பம்பாயிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு மணி நேரம்கூட ஆகாது. “மெட்ராஸ்லருந்து இங்க பஸ்ல வர்றதுக்குத்தாம்மா நேரம் ஜாஸ்தி” என்று தன்யகுமார் சிரிப்பான். அம்மாளுக்குச் சிரிப்பு வராது.

“பஸ்ஸு நின்னா எறங்கி நடந்துடலாம். அதுல எறங்க முடியுமா?”

பக்கத்து வீட்டுச் சைக்கிள் கடை காசி ஒருநாள் வம்புக்கு இழுத்தார். “ரோட்ல லாரி போனா தண்ணி ஆடத்தாங்க செய்யும்.”

“லாரி போவாதப்பவும் ஆடுதே. வடிகட்டின தண்ணி, ஒரு பூச்சிகூட உள்ள இல்ல. பின்ன எது ஆட்டுது?”

எழுபத்தெட்டில் ஒருமுறை, இறங்கவேண்டிய நேரம் எப்போதோ தாண்டியும் “இன்னும் எறங்கல” என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். மழையால் விமானத்தை ஐதராபாத்துக்குத் திருப்பியது மறுநாள்தான் தெரிந்தது. அதோடு காசி கிண்டலை விட்டார்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் தன்யகுமார் காலை விமானத்தில் கிளம்பினான். மலை நிழல் தெருவில் விழுந்துவிட்ட வேளையில் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தான். அம்மா சன்னலோரமே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள் என்று முகமே சொன்னது. அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“வந்துட்டேம்மா. எழுந்து சாப்புடு, பொழுது போவுது.”

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உக்காருங்க” என்றார். பெற்ற பிள்ளையை ஒருநாளும் அப்படி மரியாதை போட்டுப் பேசியவர் இல்லை. “எம்பையன் வர்ற ஏரோப்ளேன் இன்னும் எறங்கல.”

“நாந்தாம்மா, குமாரு.”

அவர் செம்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் செம்பை அழுத்திப் பிடித்தான். செம்பு அசையவில்லை, உள்ளே தண்ணீர் மட்டும் ஆடியது.

அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. மேகத்துக்குள் விமானம் குலுங்கியது, யாரோ அலறியது, தான் கண்களை இறுக மூடிக்கொண்டது எல்லாம் நினைவிருந்தது. மீனம்பாக்கத்தில் படியிறங்கியதை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் தெரிந்தது.

“தாகமா இருக்கும்மா” என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அம்மாள் எழுந்தார். கவிழ்த்திருந்த டம்ளர்மேல் கை போனது. அதைச் செம்புக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பெயரில்லாத டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.