நாகலூரில் ஒரு சீனத்து வெயில் கடிகாரமும் என் தங்கையின் முகூர்த்தமும்

என் தங்கை சரசு, தன் மாமனாரின் சீனத்து வெயில் கடிகாரத்தை விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், போன தை மாதம் ஏற்காடு கிளம்பினேன். அது கைமாறிவிட்டால் என்மேல் இருக்கும் பழி என்றைக்கும் போகாது. அவள் கல்யாணத்துக்கு நான் தூங்கி எழுந்து நேரம் கழித்து வந்தேனாம்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். முதல் பஸ்ஸில் முன்சீட்டைப் பிடியுங்கள். வளைவுகளில் வயிறு புரட்டாது. அங்கிருந்து நாகலூருக்கு ஷேர் ஜீப், முப்பது ரூபாய் கொடுத்தேன்.

கடிகாரம் உள்ளங்கை அகல மரப்பெட்டி. மாமனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே வடக்கு காட்டும் ஊசி. மேலே வட்டத் தகடு, நடுவில் குத்திய கம்பி. ஊசிக்கு நேராகப் பெட்டியைத் திருப்பி, தகட்டுக்கு முட்டுக் கொடுத்தால் கம்பியின் நிழல் நேரம் சொல்லும். சீனத்தாருக்கு ஒரு நாள் பன்னிரண்டு பங்கு. ஒரு பங்கு நமக்கு ஐந்து நாழிகை. நம் ஊருக்குத் தகட்டை அவர்களைவிட நன்றாக நிமிர்த்த வேண்டும். தையில் நிழல் அடிப்புறம் விழும், குனிந்து பாருங்கள்.

கல்யாணம் நடந்தது நாகலூர்க் கோயிலில், ஒரு திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், அதற்குப் பிறகு முகூர்த்தம். நான் எட்டரைக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன், ஆனால் அதற்குள் தாலி ஏறியிருந்தது. கைக்கடிகாரத்தைக் காட்டினேன். மலை ஏறினால் வாட்ச் பிசகும், வெயில் பிசகாது, பெட்டியில் ஒன்பது தாண்டித்தான் தாலி கட்டியது என்று சபையில் சொல்லிவிட்டார் மாமனார். அப்போது பெட்டி, மாலை போட்ட ஜீப்பின் பானட் மேல் இருந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

அதனால் நான் வந்த ஜீப்பையே, அன்று நின்ற மாதிரி கோயிலைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். "மணி பாக்கறதுக்காங்க ஜீப்பு வாங்குனேன்?" என்றார் டிரைவர். பனி விலகியதும் சரசு பெட்டியை பானட் மேல் வைத்தாள். நிழல் நம் ஒன்பது மணியைத் தாண்டி நின்றது. போனில் எட்டேகால். பெட்டியை எடுத்துக் கருங்கல் சுவர்மேல் வைத்தேன். பானட் இரும்பின் இழுப்பு விட்டதும் ஊசி திரும்பியது, பெட்டியையும் திருப்பினேன். நிழல் எட்டுக்கும் கீழே போனது. தையில் வெயில் மணி போனுக்கு அரை மணி பிந்தும், முந்தவே முந்தாது.

சரசு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப எனக்கு ராகு காலத்துலயா தாலி கட்டுனாங்க?"

"மூணு புள்ளை பெத்து, பேரன் பேத்தியும் எடுத்துட்ட. ராகு உன்னை என்ன கண்ணு பண்ணுச்சு?"

சரசு சிரித்துவிட்டாள். பெட்டியை விற்கப் போவதில்லை என்றாள்.

இப்படியொன்று உங்களிடம் இருந்தால் கல்மேல் வையுங்கள். வண்டி, அரிவாள், சாவிக்கொத்து எதுவும் கிட்டே இருக்கக் கூடாது. பனி விலகும்வரை காத்திருங்கள்.

கிளம்பும்போது சரசு கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை ஆருகிட்டயும் சொல்லிப்போடாதக்கா."

என்னைச் சபையில் வைத்துத்தானே பேசினீர்கள் என்றேன். இதோ, நானும் சபையில் சொல்லிவிட்டேன்.