பல்லைப் பிடுங்க வந்த தை வெள்ளி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் ரோடுமாக இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. அங்கே நான் விலங்கியல் ஆசிரியை. அன்று நடந்ததை யாரிடமாவது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் கோபம்தான் வருகிறது.

எங்கள் கல்லூரிக்குள் பாம்பு வருவது அதிசயமே இல்லை. சம்பா அறுப்புக்கு மெஷின் வயலில் இறங்கியதும் எலிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விடும். அவை நேராக விடுதி மெஸ்ஸில் இருக்கும் அரிசி மூட்டைக்கு வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். வருஷா வருஷம் இதுதான் கதை. ஆனாலும் வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் ஏதோ இப்போதுதான் முதல்முறையாகப் பாம்பைப் பார்ப்பதுபோல அலறுவார்கள். உருட்டுக்கட்டையை எடுத்து அடித்தே கொன்றுவிடுவார்கள். செத்தது நல்ல பாம்பு என்று தெரிந்ததும் அதன் வாயில் காசு வைத்து, பால் ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு எரிப்பார்கள். உயிரோடு இருக்கும்போது கட்டை, செத்த பிறகு பால்! இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் நான் வனத்துறையில் பயிற்சி எடுத்து, அனுமதியும் வாங்கி, பாம்பு பிடிக்கவே ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் ஆண்டு விழா. காலையில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது மெஸ் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் மெஸ் அக்கா என்று கூப்பிடும் தலைமைச் சமையல்காரர் கையில் கரண்டியோடு வாசலில் நின்று, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடிச்சுக் கொல்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நல்ல பாம்பு. படம் எடுத்து நின்றதே தவிர, அங்கே இருந்தவர்களிலேயே அதிகம் பயந்து போயிருந்தது அதுதான்.

எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஒரு கறுப்புத் துணிப்பையின் வாயில் பிளாஸ்டிக் குழாயைக் கட்டிச் சுவரோரமாக வைத்துவிட்டு, நீளக் கொக்கியால் பாம்பை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். பொந்து என்று நினைத்துக் குழாய்க்குள் அது தானாகவே நுழைந்து பைக்குள் போய்விடும். குழாயை எடுத்துவிட்டுப் பையை முடிச்சுப் போட வேண்டியதுதான். கையால் தொடவே வேண்டாம். அன்றும் அப்படித்தான் பிடித்தேன். வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு செல்போனுக்கு முகம் காட்டும் சூரத்தனமெல்லாம் எனக்கு அறவே பிடிக்காது.

வனத்துறைக்குப் போன் செய்து சொன்னேன். காயம் இல்லையென்றால் பக்கத்திலேயே விட்டுவிடச் சொன்னார்கள். பழகிய இடத்தை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய் விட்டால் அதற்கு இரையும் தெரியாது, ஒளிய இடமும் தெரியாது. கல்லூரிக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் கருவைப் புதர் மண்டிய மேடு ஒன்று இருந்தது. பிடித்த பாம்பையெல்லாம் அங்கேதான் விடுவேன். பையை ஒரு வாளிக்குள் வைத்து மூடிக் கிளம்பும்போது தாளாளரின் கார் வந்து நின்றது.

"மேடம், பிரமாதம்! சாயங்காலம் வரைக்கும் அத வெச்சிருங்க. சீஃப் கெஸ்ட் வர்றாரு, மேடையில படம் எடுக்க வெச்சுக் காட்டிடுவோம். விழிப்புணர்வு நிகழ்ச்சின்னு போட்டுக்கலாம்" என்றார்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். சட்டப்படி அது குற்றம், என் அனுமதி இதற்கெல்லாம் செல்லாது, அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விஷப் பாம்பைத் திறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "பாதுகாப்புதானே உங்க கவலை? அதுக்கெல்லாம் ஆள் சொல்லியாச்சு" என்று ஆபீஸ் சூப்பிரண்டைக் கை காட்டினார்.

சூப்பிரண்டு சொல்லிவிட்ட ஆள் சற்று நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார். இடுப்புப் பையில் ஒரு குறடு. பாம்பின் பல்லைப் பிடுங்க வந்திருந்தார்!

குறடு போட்டுப் பல்லைப் பிடுங்கினால் பாம்பின் வாய் கிழியும், புண் வைக்கும். அதற்குப் பிறகு அதனால் இரை பிடிக்க முடியாது, பட்டினி கிடந்தே சாகும். ஐந்து நிமிஷக் கைத்தட்டலுக்காக ஒரு உயிரை அணு அணுவாகக் கொல்லப் போகிறார்கள், அதுவும் விழிப்புணர்வு என்ற பெயரில்! வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். "நல்ல நாளும் அதுவுமா சத்தம் போடாதீங்க மேடம்" என்றார் முதல்வர். அவர்தான் அதற்கு முந்தின மாதம் வனவிலங்கு பாதுகாப்பு பற்றிக் கருத்தரங்கம் நடத்தியவர். சூப்பிரண்டு வாளியை எடுக்கக் குனிந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து வாளியைக் கட்டிக்கொண்டேன். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று தாளாளர் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் நாலைந்து ஆண்கள் சுற்றி நின்றார்கள். எவ்வளவு நேரம் என்னால் அந்த வாளியைக் காப்பாற்றியிருக்க முடியும்?

அப்போதுதான் மெஸ் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். காலையில் அடித்துக் கொல்லச் சொன்ன அதே அக்கா.

"ஐயையோ, நல்ல பாம்போட பல்லையா பிடுங்கப் போறீங்க? தை கடைசி வெள்ளிக்கிழமை அதுவுமா? அடிச்சாக்கூடப் பால ஊத்திப் பரிகாரம் பண்ணிக்கலாம். பல்லப் பிடுங்கிச் சித்திரவதை பண்ணா நாகதோஷம் ஏழு தலைமுறைக்கும் விடாதுங்க. வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ண வெச்சுக்கிட்டு…"

தாளாளர் தன் மகளுக்கு வரன் தேடி அலைவது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பல் பிடுங்க வந்தவர் குறடைத் தொடாமல் மெல்லப் பைக் பக்கம் நகர்ந்தார். சட்டம் சொன்னேன், விஞ்ஞானம் சொன்னேன், வேலையைக்கூடப் பணயம் வைத்தேன். எதற்கும் அசையாத மனுஷர் இந்த ஒரு வார்த்தைக்கு அடங்கிப் போனார். குரலைத் தாழ்த்தி என்னிடம், "மேடம், நீங்க பாம்பப் பத்திப் படிச்சவங்க. அப்படி ஏதாவது தோஷம்…?" என்று இழுத்தார். விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான், "எனக்குத் தெரியலீங்க சார்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மெஸ் அக்கா விடவில்லை. ஒரு டம்ளர் பாலோடு பின்னாலேயே ஓடி வந்தார். பாம்பு பால் குடிக்காது அக்கா என்றேன். "குடிச்சா குடிக்கட்டும், குடிக்காட்டிப் போகட்டும், நான் ஊத்திடுறேன்" என்று வாளியின் மூடிமேலேயே ஊற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மேட்டில் பையை வைத்துத் தள்ளி நின்று, கொக்கியால் முடிச்சைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு தலை நீண்டது, நாக்கு நீண்டது. அவசரமே இல்லாமல் கருவைப் புதருக்குள் போய் மறைந்தது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

என் வேலை போகவில்லை. ஆனால் கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

மறு மாதம் கொஞ்சநாள் லீவில் போய்விட்டுத் திரும்பினால், வாய்க்கால் கரையில் ஜேசிபி நிற்கிறது. கருவைப் புதரை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, சிமெண்ட் தளம் போட ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. தாளாளர் மகள் கல்யாணத்துக்கு ஜோசியர் பரிகாரம் சொன்னாராம், பாம்பை விட்ட இடத்திலேயே நாகருக்குக் கோயில் கட்ட வேண்டுமாம். அள்ளிப் போட்ட மண்ணில் நசுங்கிய பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. அது அந்தப் பாம்பினுடையதா, உரித்த பாம்பு உயிரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நேராகத் தாளாளர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "பாம்புக்காகத்தானே மேடம் இவ்ளோ செய்யறோம்!" என்றார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போது அங்கே டைல்ஸ் ஒட்டிய கோயில் பளபளவென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் பாலாபிஷேகம். மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் நாகருக்கு மவுசு கூடிவிட்டது. அறுப்பு முடிந்து பாம்பு வந்தால், விடுவதற்கு இடமில்லாமல் நான் ரோட்டைத் தாண்டி அடுத்த வாய்க்கால் வரைக்கும் நடக்கிறேன். போகிற வழியில், கோயில் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் என் கையில் இருக்கும் பையைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பழைய கோபம் அப்படியே திரும்பி வருகிறது, பைக்குள் இருப்பதைப் பத்திரமாக விடும் வரைக்கும் அது ஆறவே வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.